அழிச்சுடலாமுங்களா?

துடியலூரில், மேட்டுப்பாளையம் சாலையைப் பார்த்த ஒரு மாடியில் நித்யஸ்ரீயின் அலுவலகம். காங்கேயம் பக்கத்துத் தேங்காய்க் களங்களின் சங்கத்துக்காக அவர்கள் ஒரு சாட் சர்வர் நடத்தினார்கள். களத்துக்காரர்களும் லாரிக்காரர்களும் வேலையாட்களும் அதில்தான் பேசிக்கொள்வார்கள். அதைப் பராமரித்தது ஒரு ஏஐ ஏஜென்ட். பேச்சுமூச்சு இல்லாத பழைய குழுக்களை அழிக்கும் கருவியை, ஆபத்தில்லாமல் அதன் கையில் கொடுப்பது நித்யஸ்ரீயின் வேலை.

குழுவைத் தொடங்கியவரிடம் கேட்காமல் எதையும் தொடக் கூடாது என்பது அவள் போட்ட பூட்டு. ஏஜென்ட் இப்படித்தான் கேட்கும்: "இந்தக் குழுவுல ரொம்ப நாளா யாரும் பேசலீங்க. அழிச்சுடலாமுங்களா?" அந்த 'ங்க'வைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவளும் அவள்தான்.

கூட வேலை செய்யும் மனோஜ்குமாருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "சட்டுனு அழிக்க வேண்டாமுங்க. கொஞ்ச நாள் ஒதுக்கி வெச்சுப் பாக்கலாம். ஆராச்சும் தேடி வந்தா?"

"வேண்டாம்னு சொன்னவங்க பேச்ச நாம எதுக்குங்க வெச்சிருக்கோணும்? கேட்டுத்தானுங்களே அழிக்குது?"

நியாயம் அவள் பக்கம் இருப்பதுபோலத்தான் தெரிந்தது. மனோஜ்குமார் விட்டுக்கொடுத்துவிட்டான்.

ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் பொற்கொடி வந்தாள். காங்கேயத்திலிருந்து பஸ் மாறி வந்தவள், நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க அம்மணி, 'வானம்'னு ஒரு குழு இருந்துச்சுங்க. எங்கூட்டுக்காரரு ஆரம்பிச்சது. இப்பக் காணமுங்க."

அவள் கணவன் மாசாணம் களத்தில் வேலை செய்தவன். காயப்போட்ட தேங்காய்ப் பருப்பு நனைந்தால் முதலுக்கே மோசம். அதனால் மேகம் கட்டினாலே போதும், அந்தக் குழுவில் எல்லாக் களத்துக்கும் குரலைப் பதிந்து அனுப்பிவிடுவான். அவன் சொல்லி வந்த மழையைவிட ஏமாற்றிய மழைதான் அதிகம். ஆனாலும் எல்லாரும் தார்ப்பாயை எடுத்து வைத்துக்கொள்வார்கள். போன வருஷம் லாரி மோதி அவன் செத்துப்போனான். அதன் பிறகு அந்தக் குழுவில் யாரும் பேசவில்லை.

நித்யஸ்ரீ திரையில் தேடிப் பார்த்தாள். ஏஜென்ட் முறைப்படி கேட்டிருந்தது. மாசாணத்தின் எண்ணிலிருந்து "சரிங்க" என்று பதில் வந்திருந்தது. உடனே எல்லாம் போயிருந்தது. யார் பேசுகிறார்கள் என்று கவனிக்கத்தான் அவள் ஏஜென்ட்டுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று கவனிக்கச் சொல்லவே இல்லை.

"சரிங்கன்னு பதில் போட்டது ஆருங்கக்கா?"

"நாந்தானுங்க. அவரு போனு எங்கிட்டத்தானுங்க இருக்குது."

"வேண்டாம்னு சொல்லியிருக்கலாமுங்களே?"

பொற்கொடி முந்தானை நுனியைத் திருகினாள். "களத்துல எங்கள ஆருங்க கேட்டாங்க? எடு, போடு, ஊட்டுக்குப் போன்னுதான் சொல்லுவாங்க. இது அத்தன மருவாதியாக் கேட்டுச்சுங்க. மாட்டேன்னு எப்படிங்க சொல்றது? கம்பெனிக்கு எடம் வேணுமாட்ட இருக்குதுன்னு சரீன்னு சொல்லிப்போட்டேனுங்க."

காபி வேண்டாம் என்பதற்கே 'இருக்கட்டுங்க' என்று இழுக்கிற ஊரில் பிறந்தவள் நித்யஸ்ரீ. அவள் போய் ஒரு 'சரிங்க'வைச் சாவியாக வைத்தாளே, அந்தப் புத்தியை என்னவென்று சொல்ல?

மனோஜ்குமாரும் அவளும் தேடாத இடமில்லை. எங்கும் மிச்சமில்லை. அவன் ஒரு வார்த்தைகூடக் குத்திக் காட்டவில்லை. காட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அது இனித் திரும்ப வராதுங்கக்கா. தப்பு என்னுதுங்க. மன்னிச்சுக்குங்க."

பொற்கொடி தலையாட்டினாள். "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

இந்தச் 'சரிங்க'வையும் நம்பிப் போகவிட நித்யஸ்ரீயால் முடியவில்லை. கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். பொற்கொடி பார்த்திருக்கவே, அழிக்கும் கருவியை ஏஜென்ட்டிடமிருந்து பிடுங்கினாள். இனி அது ஒதுக்கி வைக்க மட்டும்தான் முடியும். யார் தேடி வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். தெரிந்தேதான் செய்தாள். கடைசியாகப் பழைய கேள்வியை எடுத்துவிட்டு, வேறொன்றை எழுதிப் படித்துக் காட்டினாள்.

"'இந்தக் குழுவுல நீங்க என்ன பாக்கறீங்க, என்ன கேக்கறீங்க?' இப்படிக் கேட்டிருந்தா என்னங்கக்கா சொல்லியிருப்பீங்க?"

பொற்கொடி ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தாள்.

"மேகம் கட்டுனா எம்புள்ள போன எடுத்தாந்து, அவரு பேசுனதப் போடச் சொல்லுமுங்க. 'வருது வருது, பருப்ப மூடுங்கோ'ன்னு கத்துவாருங்க அவரு. அப்பறம், வராதுன்னு தெரிஞ்சுபோயி அவரே சிரிப்பாருங்க. அதக் கேட்டுப்போட்டு புள்ளையும் சிரிக்குமுங்க. அவ அப்பன் சிரிச்சது அவளுக்கு அதுல மட்டுந்தானுங்க தெரியும்."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"இப்படிக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனுங்க, கண்ணு."