இரண்டு காதுக்கு எத்தனை கோடு?

காது மருத்துவமனையில் புதிதாகப் பில் போடச் சேர்ந்த மருமகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாமனாரின் காது மெஷினைச் சோதித்ததற்கான காப்பீட்டு விண்ணப்பம், சோதனையைக் குறிக்கும் கோடு நம்பரில் பிழை என்று திரும்பி வந்திருந்தது. அன்றைக்குள் திருத்தி அனுப்பாவிட்டால் செல்லாது. மாமனாரை எதிரே உட்காரவைத்துக்கொண்டே காப்பீட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"ஒரே சோதனைக்கு ஒரே கோடு நம்பரை ரெண்டு தடவை போட்டிருக்கீங்களேம்மா?" என்றார் அதிகாரி.

"மனுஷனுக்கு ரெண்டு காது சார்! காதுக்கு ஒண்ணு போட்டேன்."

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். "கோடு போடச் சொன்னா ரோடே போட்டுட்டீங்க! ரெண்டு காதுக்கும் சேர்த்துத் தனியா ஒரு கோடு இருக்கும்மா."

அவள் மாற்றி அனுப்பினாள். கண்மூடித் திறப்பதற்குள் ஒப்புதல் வந்துவிட்டது. நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

மாமனார் மெஷினைத் தடவிக்கொண்டார். "நல்லவேளைம்மா, நான் பல் டாக்டர்கிட்டப் போகலை. முப்பத்திரண்டு போட்டிருப்பே!"