கோடு நேராக விழாத முயல்கள்

1

இந்தக் கதை எனக்கு பஸ்ஸில் கிடைத்தது. செங்கல்பட்டுக்குப் போகும் வழியில் பக்கத்து சீட்காரர் ஒரே மூச்சில் சொன்னார்: "ஐம்பத்தஞ்சுல ஒரு வளையல்கார பாய், கறிக்குன்னு தள்ளிவுட்ட முயலோட குட்டிகிட்டயே கண்காட்சில தோத்துட்டாரு." பிறகு அந்த பாய் என்ன செய்தார் என்று கேட்பதற்குள் இறங்கிப் போய்விட்டார். அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

2

கடைத்தெருவில் வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது ஹயாத் பாஷா தன் முயல்களை—

(வேண்டாம். வெயில் ஏறாமல் ஒரு கதையாவது தொடங்கட்டும்.)

வளையல்கார ஹயாத் பாஷாவுக்கு முயல் என்றால் உயிர். [பொய். கோடு என்றால்தான் உயிர்.]

கப்பலேறிப் போன வெள்ளைக்காரக் குடும்பமொன்று விட்டுச்சென்ற டச்சு முயல் ஜோடி அவரிடம் வந்து சேர்ந்தது. காதும் கன்னமும் தவிர முன்பாதி வெள்ளை, பின்னங்கால் நுனி தவிர பின்பாதி கறுப்பு. இரண்டும் சந்திக்கும் கோடு, உடம்பைச் சுற்றி வளையல் மாட்டினதுபோல நேராக இருக்கவேண்டும். குட்டிகளுக்கு முடி முளைத்ததும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார். ஒன்றுக்குக் கோடு கோணல். ஒன்றுக்குக் கழுத்தில் கறுப்புத் திட்டு. இன்னொன்றுக்கு எல்லாம் சரி, பின்னங்கால் நுனியில் வெள்ளையைக் காணோம். "ஆகாது" என்று வைத்துவிடுவார்.

ஆகாததையெல்லாம் குழம்பு வைத்துச் சலித்துப்போன மனைவி ஷாஜாதி ஒருநாள் கேட்டாள்: "என்னையும் தூக்கிப் பாருங்களேன், நான் தேறுவனான்னு."

அதற்குப் பிறகு தள்ளுபடி முயல்கள் கறிக்கென்று பாப்பாவுக்குப் போயின. மாமல்லபுரத்துப் பக்கமிருந்து மாட்டுவண்டியில் சவுக்கு விறகு கொண்டுவருகிறவள் அவள்.

3

பாப்பாதான் என்னைப் படுத்துகிறாள். முதல் பிரதியில் அவளைக் கெட்டிக்காரியாக்கி, திட்டம் போட்டு முயல் வளர்க்க வைத்தேன். அதை அடித்துவிட்டேன். நடந்தது அதைவிடச் சாதாரணம். முதல் ஜோடியை அறுக்க அவளுக்குக் கை வரவில்லை.* சவுக்குக் கழியால் பட்டி கட்டி உள்ளே விட்டாள். அவை பெருகின.

(* சைவம் என்று நினைக்கவேண்டாம். மீனும் கோழியும் நன்றாகவே தின்பாள்.)

கால்நடைக் கண்காட்சி நடக்கிறது என்று யாரோ சொல்ல, விறகு வண்டியிலேயே ஒரு கிடா முயலைக் கூடையில் போட்டு எடுத்துவந்தாள்.

4

ஹயாத் பாஷா தான் தேர்ந்தெடுத்த பெட்டையோடு போயிருந்தார். அதன் கோட்டில் வயிற்றருகே ஒரு சின்ன நெளிவு. யாரும் பார்க்கமாட்டார்கள் என்று தன்னைத் தேற்றிவைத்திருந்தார். அப்போதுதான் பக்கத்துக் கூடைக்குள் பார்த்தார்.

அவருக்கு முதலில் வந்தது பொறாமையல்ல, நிம்மதி. இத்தனை காலம் தேடிய கோடு உலகத்தில் இருக்கத்தான் இருக்கிறது. பிறகுதான் வயிறு எரிந்தது.

"இது எங்க கெடச்சுது?"

"நீங்க குடுத்தது பெத்ததுதான் பாய்."

நடுவராக வந்திருந்த மாட்டு டாக்டர் பாப்பாவின் கிடாவுக்கே முதல் பரிசு கொடுத்தார். நல்ல வளர்ப்பு, யாருடையது என்று விசாரித்தார். பாப்பா கொஞ்சமும் யோசிக்காமல் ஹயாத் பாஷாவைக் காட்டினாள். கூட்டம் அவர் பக்கம் திரும்பியது. தலையாட்டியிருந்தால் போதும்.

"நான் வளத்தது இல்ல," என்றார். "நான் தள்ளுனது."

5

இங்கேயே நிறுத்தியிருப்பேன். பாப்பா விடவில்லை.

"எங்கிட்ட கீற பொட்டை எல்லாம் இதுக்கு அக்கா தங்கச்சி. ஜோடிக்கு ஒண்ணு குடுங்க பாய்."

மூன்று முடிவுகள் எழுதிக் கிழித்தேன். தோற்ற பெட்டையை அங்கேயே தூக்கிக் கொடுக்கிறார்: இவ்வளவு தாராளமான ஆள் இல்லை. கிடாவைத் தனக்கே கேட்டுச் சண்டை போடுகிறார்: அப்புறம் 'நான் தள்ளுனது' என்று சொன்னதற்கு என்ன அர்த்தம்? வீட்டுக்கு அழைத்துப் போய், அன்று காலை 'ஆகாது' என்று ஒதுக்கிய கோணல் கோட்டுக்காரியைக் கொடுக்கிறார்: இதில் என் கெட்டிக்காரத்தனம் நாறுகிறது.

எனக்குப் போதும். ஹயாத் பாஷா கண்காட்சியிலேயே, தன் பெட்டையின் கூண்டுக் கதவில் கைவைத்தபடி நிற்கிறார். அடுத்து என்ன செய்கிறார் என்று நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம், மாட்டைப் பூட்டியாகிவிட்டது, இருட்டுவதற்குள் பாப்பா ஊர் போய்ச் சேரவேண்டும்.