அதிபரின் கடைசிப் பக்கம்

எங்கோ ஒரு தீவு நாட்டில், பதவியில் இருந்த அதிபர் தேர்தலில் தோற்றுப்போனார். அந்நாட்டு அரசின் இணையதளத்தைச் சென்னைப் பக்கத்துச் சிறுசேரியில் உட்கார்ந்து பராமரிப்பவள் சங்கரி. வருடக்கணக்காகப் பார்த்துப் பழகிய அவர் முகத்தைப் பக்கம் பக்கமாக அழித்தாள். ஜன்னலுக்கு வெளியே கோவளத்துக் கடல் நீலக் கோடாய் மிதந்தது. அதற்கு அந்தப் பக்கம் அவர் பெட்டி கட்டிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது.

"இன்னா சங்கரி, ஆளு மொத்தமா காலியா?" என்றான் பக்கத்து சீட் ஜெபகுமார்.

"காலி."

திரும்பும் பஸ்ஸில், பாதித் தூக்கத்தில், செல்போனில் தளத்தின் ஒரு பக்க முகவரியைத் தப்பாக அடித்தாள். இல்லாத முகவரிக்கு வழிதவறி வருபவர்களுக்கென்று வைத்த பக்கம் திறந்தது. அதை அழிக்க மறந்திருந்தாள். அதே பழைய சிரிப்பு. கீழே, 'மன்னிக்கவும், நீங்கள் தேடுவது இங்கே இல்லை.'

"இருந்துட்டுப் போங்க சார்" என்று போனைப் பைக்குள் போட்டாள்.