நூறு, சரி

விமானிகள் வட்டாரத்தில் அந்தக் கேப்டனுக்கு வைத்த பெயர் "மறுபடி". எதைச் சொன்னாலும் "மறுபடி சொல்லுங்க" என்பார். எரிபொருள் இவ்வளவு என்றால் மறுபடி. கதவு மூடியாயிற்று என்றால் மறுபடி. தேநீரில் சர்க்கரை போட்டாயிற்று என்று பணிப்பெண் சொன்னதற்கும் மறுபடி கேட்டார் என்று ஒரு கதை உண்டு. அநேகமாக உண்மையாகத்தான் இருக்கும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தப்புத் தேடுகிற அந்த மனிதர் இன்று இடது இருக்கையில் இருந்தார்.

வலது இருக்கையில் துணை விமானி. ஒன்பது வருடமாக அவளுக்கு அதே வலது இருக்கைதான். இன்றைய பயணம் முடிந்ததும் கேப்டன் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் அவளும் கேப்டனாகி இடதுபக்கம் மாறலாம். போடாவிட்டால் ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி கேட்கவே முடியும்.

அவளுக்கும் ஒரு சொல் உண்டு. "சரி." வீடு பற்றி எரிகிறது என்றாலும் நிமிர்ந்து பார்க்காமல் சரி என்பாள் என்று கணவன் கேலி செய்வான். ஏழு வயது மகள் அதைச் சோதித்தே பார்த்துவிட்டாள். "அம்மா, நான் நாற்காலியைத் தின்னுட்டேன்." "சரிம்மா." அன்று வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இன்று காலை ஓடுபாதையில் அதே சரியைச் சொன்னபோது சிரிக்க ஆள் இல்லை. புறப்படும்போது ஓட்டியது அவள். இருவர் முன்னாலும் தனித்தனி வேகக்காட்டி. தன்னுடைய முள் நூறைத் தொட்டதும் கேப்டன் "நூறு" என்பார். அவள் தன்னுடைய முள்ளைப் பார்க்க வேண்டும். அதுவும் நூறு என்றால் மட்டும் "சரி" சொல்ல வேண்டும். இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கண்மூடித்தனமாக யாரும் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக வைத்த வழக்கம். ஆனால் இடமிருந்து காற்று தள்ளியது. அவள் கண் ஓடுபாதையின் வெள்ளைக் கோட்டில் இருந்தது. கேப்டன் "நூறு" என்றார். வாய் தன்பாட்டில் "சரி" என்றது.

அதற்குப் பிறகுதான் கண் கீழே இறங்கியது. நூற்றுப் பன்னிரண்டு.

தான் பார்த்தது தாமதம், அதற்குள் வேகம் ஏறியிருக்கும் என்று தனக்குத்தானே ஒரு சப்பைக்கட்டு கட்டிக்கொண்டாள். மேலே போய் வேகம் நிலையானதும் இரண்டு முள்ளும் ஒரே எண்ணில் நின்றன. அப்பாடா என்று அதை மறந்துவிட்டாள். மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

இறக்குவது கேப்டன் முறை. "நான் இறக்குறேன், நீங்க என்னை எப்படிக் கவனிக்கிறீங்கன்னு பாக்கணும்" என்று காலையிலேயே சொல்லியிருந்தார். பின்னால் நாற்பத்திரண்டு பயணிகள். வெளியே மழைமேகம். கண்ணாடியில் சாம்பல் நிறம் தவிர வேறொன்றும் இல்லை. மேகத்துக்குள் உடம்பு சொல்வது எதையும் நம்ப முடியாது, முள் சொல்வதுதான் வேதவாக்கு. வேகம் நூற்று இருபத்தைந்தில் நிற்க வேண்டும்.

ஆயிரத்து இருநூறு அடியில் கேப்டன் இயந்திர விசையைக் குறைத்தார். கொஞ்ச நேரத்தில் இன்னும் குறைத்தார்.

"வேகம்" என்றாள் அவள்.

"அதான் குறைக்கிறேன். நூத்து முப்பத்தெட்டு, இறங்க மாட்டேங்குது."

அவளுடைய முள் நூற்றுப் பத்தொன்பதில் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினேழுக்கு இறங்கியது. இன்னும் கொஞ்சம் குறைந்தால் இறக்கைக்கு அடியில் காற்று போதாது. விமானம் பறப்பதை விட்டுவிட்டு விழத் தொடங்கும்.

"சார், எனக்கு நூத்துப் பதினேழு."

அவர் நடுவிலிருந்த சின்ன வேகக்காட்டியைப் பார்த்தார். ஆபத்துக்கு உதவட்டும் என்று வைத்த மூன்றாவது. அதுவும் நூற்று முப்பத்தெட்டு.

"மூணுல ரெண்டு எம்பக்கம். உங்களுதுதான் கெட்டுப்போச்சு."

"இந்த விமானத்துல அது உங்க குழாய்லேருந்துதான் சார் காத்து வாங்குது."

விமானத்தின் மூக்கருகே எதிர்க்காற்றை வாங்கி வேகம் சொல்லும் விரலளவு குழாய்கள் இரண்டு இருந்தன, பக்கத்துக்கு ஒன்று. கேப்டனுக்குத் தெரியாததல்ல. அவசரத்தில் நழுவிவிட்டது. இப்போது நினைவு வந்ததும் அவர் முகம் மாறியது.

"அப்போ ஒண்ணுக்கு ஒண்ணு. எது தப்பு?"

எது தப்பு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேகம் ஏறும்போது அவர் முள் பின்தங்கியது, நிலையாக இருந்தபோது வந்து சேர்ந்துகொண்டது, இப்போது வேகம் இறங்கும்போது மறுபடி பின்தங்குகிறது. குழாயில் ஏதோ அடைத்திருக்கிறது. இதைச் சொல்ல வேண்டுமானால் காலையில் பார்த்ததைச் சொல்ல வேண்டும். காலையில் பார்த்ததைச் சொன்னால் பார்க்காமல் சொன்னதும் வெளியே வரும். ஒன்பது வருடத்தை மென்று முழுங்க எத்தனை நொடி ஆகும்? அவள் அதற்கு மூன்று நொடி எடுத்துக்கொண்டாள். அந்த மூன்று நொடிக்காக அவளை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. பின்னாலிருந்த நாற்பத்திரண்டு பேரும் மன்னித்திருக்க மாட்டார்கள். முள் நூற்றுப் பதிமூன்றுக்கு இறங்கியது.

"உங்களுதுதான் சார் தப்பு. காலையில நீங்க நூறுன்னப்பவே எனக்கு நூத்துப் பன்னெண்டு. நான் பாக்காமலே சரின்னுட்டேன்."

கேப்டன் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கை விசைப்பிடிமேல் அப்படியே நின்றது.

"மறுபடி சொல்லுங்க."

"பாக்காமச் சரின்னுட்டேன். உங்க முள் அப்பவும் லேட், இப்பவும் லேட்."

அவர் விசையை முன்னால் தள்ளினார். இரைச்சல் கூடியது, மூக்கு மெல்ல நிமிர்ந்தது. "மேல போயிடலாம். நீங்க எடுத்துக்கங்க. உங்க கையில."

"என் கையில."

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மேலேறி ஒரு சுற்றுச் சுற்றினார்கள். வேகக்காட்டியை நம்ப முடியாத நாளுக்கென்றே ஓர் அட்டை உண்டு. மூக்கு இத்தனை டிகிரி, விசை இவ்வளவு என்று வைத்துவிட்டால் வேகம் தானாக இத்தனை இருக்கும் என்று அதில் அச்சடித்திருக்கும். கேப்டன் அதை மடியில் வைத்துக்கொண்டு படித்தார். அவள் அப்படியே வைத்தாள். அவளுடைய முள் அட்டை சொன்ன இடத்திலேயே நின்றது. அப்போதும் அவளுக்குப் பயம் தெளியவில்லை. அட்டையும் முள்ளும் ஒத்துப்போவதாகத் தன் கண்தான் விரும்பிப் பார்க்கிறதோ என்று ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை பார்த்தாள். வாய்விட்டுப் படித்தாள். கேப்டன் எட்டிப் பார்த்து ஒத்துக்கொண்ட பிறகே அடுத்ததற்குப் போனாள். முந்நூறு அடியில் மேகம் கிழிந்தது, ஓடுபாதை விளக்குகள் தெரிந்தன. சக்கரம் கொஞ்சம் முரட்டுத்தனமாகவே தரையில் மோதியது. பின்னாலிருந்து யாரோ குறைபட்டுக்கொண்டது கேட்டது.

விமானம் நின்றதும் மெக்கானிக் ஏணி போட்டு ஏறி, இடதுபக்கக் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தார். உள்ளங்கையில் கடுகளவு மண் விழுந்தது.

"குளவிக் கூடு. ரெண்டு நாளா சும்மா நின்ன விமானம்ல. முழுசா அடைக்கல, அதான் லேட்டாவாவது காட்டியிருக்கு."

அலுவலக அறையில் மேசைமேல் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று நடந்ததை எழுத, இன்னொன்று அவளுடைய இடது இருக்கைக்கு. நடந்ததை எழுதும் தாளில் ஒரு கேள்வி: புறப்படும்போது வேகம் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டதா? பூசி மெழுக இடம் இருந்தது. அவள் பேனாவை எடுத்து, "இல்லை. பார்க்காமல் சரி என்றேன்" என்று எழுதினாள். கேப்டன் தாளை வாங்கிப் படித்தார். பேனாவுக்குக் கை நீட்டி அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தார்: "மறுபடி கேட்க வேண்டியவன், நான் கேட்கவில்லை."

பிறகு அந்த இரண்டாவது தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஆறு மாசம் கழிச்சு வாங்கம்மா. நானே வரேன், என்னை இன்னும் பறக்க விட்டா."

வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் அவள் நின்றுவிட்டாள். சுவரில் சாய்ந்துகொண்டாள். அழுகை வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. அப்போது கைப்பேசி அடித்தது. மகள்.

"அம்மா, பாஸா?"

"இல்லடா செல்லம்."

அம்மாவுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாத குழந்தை தன் கதையை மளமளவென்று அவிழ்த்துவிட்டாள். பள்ளிக்கூடம், பென்சில் டப்பா, பக்கத்து பெஞ்சுக்காரி, அப்புறம் குரல் தாழ்ந்து வேறு ஏதோ ஒன்று. அவள் காதில் இன்னும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. சரிம்மா என்று சொல்ல வாய் தன்பாட்டில் திறந்தது.

அவள் வாயை மூடினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

"கடைசியா சொன்னது காதுல விழலடா. மறுபடி சொல்லு."