பிற்பகல் அமர்வில் தூக்கிய கை

சமுதாயக் கல்லூரியின் வெல்டிங் வாத்தியார், ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் நடந்த இரண்டு நாள் பயிற்சிப் பட்டறையில், ஏதோ கேட்பதற்காகக் கையைத் தூக்க ஒரு வருடமும் இரண்டு மாதமும் எடுத்துக்கொண்டார். மந்தமான மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. பேசினாலும் நடந்தாலும் பொறி பறக்கும் ஆள். அறைக்குள் இருந்த மற்ற பதினான்கு பேரும், பயிற்சி கொடுக்க வெளியூரிலிருந்து வந்திருந்த அம்மாவும் அதே வேகத்தில்தான் இருந்தார்கள். முதல் நாள் பிற்பகல் மூன்றே முக்கால் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஒருவர்மேல் ஒருவர் பந்தை எறிந்து அறிமுகம் செய்துகொண்டார்கள், பதினோரு மணிக்கு டீ குடித்தார்கள், சார்ட் பேப்பரில் ஆளுக்கொரு மரம் வரைந்து அதில் தங்கள் பலங்களை இலைகளாக ஒட்டினார்கள். மூன்றே முக்காலுக்கு, 'கவனித்துக் கேட்டல்' என்ற அமர்வின் நடுவில், அறைக்குள் நேரம் இறுகிவிட்டது. சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போக ஐந்தரை மாதம் ஆனது. மின்விசிறி மாதத்துக்கு ஒரு சுற்று சுற்றியது. கதவில் பூட்டு இல்லை, விளக்குகள் எரிந்தன, தாழ்வாரத்து ஜன்னல் வழியாக எல்லோரையும் தெளிவாகப் பார்க்க முடிந்தது.

வெல்டிங் வாத்தியாரின் மனைவிக்கும் அதே கல்லூரியில்தான் வேலை. வருகைப் பதிவேடுகள் எல்லாம் அவள் பொறுப்பு என்பதால் பிள்ளைகள் அவளை ரிஜிஸ்டர் அக்கா என்பார்கள். பட்டறைக்குப் போகவேண்டியவர்களின் பட்டியலைத் தட்டச்சு செய்தவளும் அவள்தான். கணவரின் பெயரை ஏழாவதாகச் சேர்த்திருந்தாள். "எனக்குத்தான் ஏற்கெனவே ஒரு பட்டறை இருக்கே, இன்னொண்ணு எதுக்கு?" என்று அவர் முரண்டு பிடித்தார். மூன்று பட்டறைச் சான்றிதழாவது இல்லாவிட்டால் பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கவே முடியாது என்று சொல்லி அவள்தான் வழிக்குக் கொண்டுவந்தாள். அன்று காலையில் இன்னொரு சின்னச் சண்டையும் நடந்தது. மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது எப்போதும் அவள் வேலை. அன்றைக்குக் கல்லூரியில் ஆய்வுக்குழு வருவதாக இருந்ததால், "ஒரு நாளாவது நீங்க போய்க் கூட்டிட்டு வாங்களேன், அவ எனக்கு மட்டுமா பொண்ணு?" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். அவருக்கு அப்போது முப்பத்தேழு வயது, அவளுக்கு முப்பத்து மூன்று, பாப்பாவுக்கு ஏழு.

முதல் வாரம் தீயணைப்புத் துறையினர் வந்தார்கள், மருத்துவர்கள் வந்தார்கள், இயற்பியல் ஆசிரியர் கரும்பலகையில் இரண்டு நாள் கணக்குப் போட்டுவிட்டு அழித்தார். நான்காம் நாள் தையல் டீச்சரின் தம்பி, "இது என்ன கூத்து, நான் போய் எங்கக்காவை இழுத்துட்டு வரேன்" என்று கதவைத் திறந்துகொண்டு உள்ளே பாய்ந்தான். பாய்ந்தவன் ஒரு காலை அந்தரத்தில் தூக்கியபடி நின்றுவிட்டான், அந்தக் கால் தரையைத் தொட்டபோது அவன் மனைவிக்குப் பிரசவமாகிக் குழந்தை குப்புற விழ ஆரம்பித்திருந்தது. அதற்குப் பிறகு யாரும் உள்ளே போகவில்லை. கல்லூரி நிர்வாகம் யோசித்து, உள்ளே இருப்பவர்கள் பயிற்சியில் இருப்பதாகவே கொள்ளலாம் என்று ஓர் ஆணை போட்டது. தினமும் காலை ஒன்பதரைக்கு ரிஜிஸ்டர் அக்கா பதினைந்து பெயர்களுக்கு நேரே 'பணி நிமித்தம்' என்று எழுதினாள். ஏழாவது பெயருக்கு வரும்போது பேனா கொஞ்சம் நிற்கும். பட்டியலில் ஆறு பேரோடு நிறுத்தியிருக்கலாமே என்று பேனாவுக்கும் தோன்றியிருக்கும்.

அவர் கை முழுதாக உயர்ந்து, பயிற்சியாளர் அம்மா அதைக் கண்டு அவர் பக்கம் திரும்பி முடிக்க இரண்டரை வருடம் ஓடிவிட்டது. பிறகு அவர் வாய் திறந்தது. காது கேளாத மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியை ஒருவர் கல்லூரியில் இருந்தார், உதட்டசைவைப் படிக்கத் தெரிந்தவர். மாதம் ஒருமுறை ஜன்னலில் வந்து நின்று பார்த்து, ரிஜிஸ்டர் அக்காவின் நோட்டில் ஒரே ஓர் அசையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். முதல் இரண்டு மாதத்தில் 'மேடம்' வந்தது. அடுத்து 'நாலு' வந்தபோது ஸ்டோர் கீப்பர், "நாலு நாள் லீவு கேக்கறார்யா" என்று அடித்துச் சொன்னார். 'மணிக்குப்' என்று அது நீண்டதும் ஸ்டோர் கீப்பர் வாயை மூடிக்கொண்டார். எட்டாவது மாதம் ஆசிரியை 'பொண்' என்று எழுதினார். அந்த ஒரு மாதம் ரிஜிஸ்டர் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பொண்டாட்டி என்றுதான் சொல்ல வருகிறார், அத்தனை பேர் முன்னால் தன்னைப் பற்றித்தான் ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தாள். அம்மாவிடம்கூட அதைச் சொன்னாள். மகள் தனியாக நிற்கிறாளே என்று அவள் அம்மா அப்போது வந்து கூடவே இருந்தார். அடுத்த மாதம் ஆசிரியை எழுதியது 'ணுக்'. பெற்ற பிள்ளையின் மேல் ஒரு கணம் பொறாமைப்பட்டதற்காக அவள் அன்று முழுக்க யார் முகத்தையும் பார்க்காமல் பதிவேட்டிலேயே குனிந்திருந்தாள்.

மூன்று வருடம் முடிந்தபோது வாக்கியம் நோட்டில் முழுதாக இருந்தது. "மேடம், நாலு மணிக்குப் பொண்ணுக்கு ஸ்கூல் விட்டுடும். நான் போய்க் கூட்டிட்டு வரணும். கிளம்பட்டுமா?" பயிற்சியாளர் அம்மா அத்தனை காலமும் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. ஒருவர் பேசியதை இன்னொருவர் மூன்று வருடம் குறுக்கிடாமல் கேட்டது அந்தக் கல்லூரியில் அதுவே முதல் தடவை. கூட்டி வரப்படவேண்டிய பெண்ணுக்கு அப்போது பன்னிரண்டு முடிந்திருந்தது. அவள் ஒரு சார்ட் பேப்பரில், "அப்பா, ஸ்கூல் விட்டாச்சு. நானே வீட்டுக்கு வந்துட்டேன். நீங்க மெதுவா வாங்க" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வெயிலில் எழுத்து வெளிறினால் புதிதாக எழுதி ஒட்டினாள். மூன்றாவது தடவைக்குப் பிறகு ஒட்டுவதை விட்டுவிட்டாள்.

பதில் வர மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடித்தது. "சரி, போயிட்டு நாளைக்குக் கரெக்டா வந்துடுங்க." அது முழுதாக வந்து முடிந்த அன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் ஜன்னலருகில் நின்று மகள் சொன்னாள், "அம்மா, நீ வேணா உள்ள போம்மா. அவர் பக்கத்துல போய் நில்லு. ரெண்டு பேரும் ஒண்ணா வெளிய வாங்க."

"நான் போயிட்டா உனக்கு யாரு இருக்கா?"

"எனக்குப் பதினாறு ஆகப்போகுது. சமைக்கத் தெரியும், துணி துவைக்கத் தெரியும். நீதான் தினமும் இங்க வந்து நின்னு நின்னு தேஞ்சு போற."

ரிஜிஸ்டர் அக்கா கதவுக் கைப்பிடியில் கையை வைத்தாள். உள்ளே அவர் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டிருந்தார், முழங்கால் இன்னும் நிமிரவில்லை. அவளுக்கு நாற்பத்திரண்டு, அவருக்கு இன்னும் முப்பத்தேழு. இப்போதே உள்ளே போய்விட்டால் இடைவெளி அந்த அளவோடு நின்றுவிடும், வெளியே வரும்போது பார்க்கச் சகிக்கும்படியாவது இருக்கும். ஆனால் மகள் காய்ச்சலில் கிடந்தால், பரீட்சையில் தவறினால், யாரையாவது பிடித்துப்போய் வந்து சொல்ல நினைத்தால், ஜன்னலில் வந்துதான் சொல்லிக்கொள்ள வேண்டும். கையை எடுத்துவிட்டாள். "அவர் உன்னைக் கூட்டிட்டு வரத்தான் கிளம்பறார். உன்னை விட்டுட்டு நான் எப்படி உள்ள போறது?" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு அவர்களுக்குள் வரவே இல்லை.

அவர் நோட்டை மூடிப் பையில் வைத்து, பேனாவைத் தேடி, பக்கத்திலிருந்த நூலகரிடம் தலையசைத்து விடைபெற ஆறு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் ரிஜிஸ்டர் அக்காவின் அம்மா இறந்துபோனார். மகள் படித்து முடித்து, வேறொரு நகரத்தில் லிஃப்ட் பராமரிக்கும் வேலைக்குப் போனாள். நாற்காலிகளுக்கு நடுவே ஒருக்களித்து நடந்து கதவுக்கு வர ஒன்பது வருடம். ஓர் ஆண்டு முழுக்க அவர் மோட்டார் மெக்கானிக் வாத்தியாரின் காலை மிதித்துக்கொண்டிருந்தார், அடுத்த ஆண்டு முழுக்க அதற்காக மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு இருந்தார். ரிஜிஸ்டர் அக்காவுக்கு மூட்டுவலி வந்தது, கண்ணாடி வந்தது, தலை முழுக்க நரைத்தது. ஒருநாள் ஜன்னல் கண்ணாடியில் அவர் முகத்துக்குப் பக்கத்தில் தன் முகமும் தெரிந்தபோது, அம்மாதான் வந்து பின்னால் நிற்கிறாளோ என்று திரும்பிப் பார்த்தாள். மறுநாளிலிருந்து சற்றுத் தள்ளி நின்றாள்.

அவர் வெளியே வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, எல்லோரும் கணித்ததற்குப் பதினெட்டு நாள் முன்பாக. கதவு பல மாதமாகத் திறந்துகொண்டிருந்தது. தோள் வெளியே வந்ததும் மீதி உடம்பும், படி தடுக்கியவர் போல, சடாரென்று தாழ்வாரத்துக்கு வந்துவிட்டது. உள்ளே ஓடியிருந்தது மொத்தம் ஐம்பத்திரண்டு நொடி. எதிரில் பதிவேட்டை மார்போடு அணைத்தபடி நின்றவளைப் பார்த்து, அவசரத்தோடு அவசரமாக ஒரு மரியாதைச் சிரிப்புச் சிரித்தார்.

"அத்தை, நீங்க எப்ப வந்தீங்க? உள்ள போய் உக்காருங்க, அவ ஆபீஸ்லதான் இருப்பா. நான் பாப்பாவைக் கூட்டிட்டு வந்துடறேன்."

இருபத்துநான்கு வருடமாக அவள் எத்தனையோ வாக்கியங்களை ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். ஒன்றும் கைகொடுக்கவில்லை. "ஸ்கூல் விட்டு ரொம்ப நேரமாச்சுங்க" என்றாள்.

அந்தக் குரலில்தான் அவர் நின்றார். முகத்தைப் பார்த்தார், பிறகு கைகளைப் பார்த்தார், மறுபடி முகத்தை. ஜன்னல் வழியாக உள்ளே திரும்பிப் பார்த்தார், அங்கே அவர் விட்டுவந்த எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். தாழ்வாரத்து பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தார். என்ன ஆயிற்று என்றோ எத்தனை வருடம் என்றோ அவர் கேட்கவில்லை.

"பாப்பா ரொம்ப நேரம் காத்திருந்தாளா?"

"ஏழு மணி வரைக்கும் கேட்டுலயே நின்னுட்டிருந்தா. இங்க நடந்த கலவரத்துல நான் மறந்தே போயிட்டேன்" என்றாள். யாரிடமும் அதுவரை அவள் அதைச் சொன்னதில்லை. "வாட்ச்மேன்தான் கொண்டுவந்து விட்டார். நீங்க வருவீங்கன்னு அவர்கிட்ட அடிச்சுச் சொல்லியிருக்கா. இப்ப அவளுக்கு முப்பத்தொண்ணு." அவர் பையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முதுகில் கை வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல், பதிவேட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மகள் அன்று மாலையே வந்துவிட்டாள். வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்து அவர் எழுந்து நின்று, "வாங்க" என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. அவள் "அப்பா" என்று வந்து கட்டிக்கொண்டபோது அவள் உயரம் அவருக்குச் சமமாக இருந்தது, கைகளில் கிரீஸ் வாசனை அடித்தது. அவளை 'நீ' என்று கூப்பிட அவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. மனைவி விஷயத்தில் அதுவும் முடியவில்லை. "நீங்க சாப்பிட்டீங்களா, நீங்க மாத்திரை போட்டீங்களா" என்றே வாயில் வந்தது. அவள் சண்டை போட்டுப் பார்த்தாள், சிரித்தும் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். இரண்டு கட்டில்களையும் ஒன்றாகப் போடுவதா தள்ளிப் போடுவதா என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. தள்ளித்தான் கிடந்தன.

எழுத்துமூலம் அனுமதி பெறாமல் அமர்விலிருந்து வெளியேறியதற்கு விளக்கம் கேட்டுக் கல்லூரி அவருக்கு ஒரு கடிதம் அனுப்பியது. அதைத் தட்டச்சு செய்யும் வேலையும் ரிஜிஸ்டர் அக்கா தலையில்தான் விழுந்தது. ஓய்வு பெறுவதற்கு முன் அவள் செய்த கடைசி வேலைகளில் அதுவும் ஒன்று. அவர் விளக்கம் கொடுத்தார், பழையபடி வெல்டிங் வகுப்புக்குப் போனார், புது இயந்திரங்களை மாணவர்களிடமே கேட்டுக் கற்றுக்கொண்டார். கல்லூரியில் அவர் வயதுக்காரர்கள், அவரோடு கேலி பேசிக்கொண்டிருந்தவர்கள், எல்லோரும் அந்த அறைக்குள் இருந்தார்கள். சாப்பாட்டு இடைவேளையில் டப்பாவை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்து சாப்பிடுவார்.

ஐந்து வருடம் கழிந்து ஒருநாள், கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு இருவரும் வீடு திரும்பினார்கள். குடியிருப்பின் மாடிப்படியில் அவளுக்கு மூட்டு மடங்கவில்லை. அவர் தோளைக் கொடுத்து ஒவ்வொரு படியாக ஏற்றினார். இரண்டாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருந்த பெண் கதவைத் திறந்து பார்த்து, "அம்மாவை எவ்வளவு பொறுமையாக் கூட்டிட்டுப் போறார் பாருங்க, குடுத்து வெச்சவங்க நீங்க" என்றாள்.

"என் வீட்டுக்காரர்ம்மா" என்றாள் ரிஜிஸ்டர் அக்கா, மூச்சு வாங்கியபடி.

அந்தப் பெண் அவரை மறுபடி ஒருமுறை பார்த்தாள். "ஓ, அந்தக் காலேஜ் ஹாலா? எங்க பெரியப்பாவும் உள்ளதான் இருக்கார், லைப்ரரியில வேலை பார்த்தவர். போன மாசம் போய்ப் பார்த்தோம், கொட்டாவி விட ஆரம்பிச்சிருக்கார்" என்றாள். ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து படியின் திருப்பத்தில் போட்டாள்.

ரிஜிஸ்டர் அக்கா கொஞ்ச நேரம் அதில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து கைப்பிடியைப் பிடித்தாள். மேலே இன்னும் பதினோரு படி இருந்தது. அவர் ஒரு படி கீழே நின்றுகொண்டு அவள் இடுப்பைத் தாங்கிப் பிடித்தார்.

"மெதுவா வா" என்றார். "நான் பிடிச்சிருக்கேன்ல."