ஏழாம் விதி

"அக்கா, இதைக் கொஞ்சம் பிடி. பறக்குது."

மின்விசிறிக் காற்றில் துடித்த தாளை அக்கா சாப்பாட்டு மேசைமேல் அழுத்திப் பிடித்தாள். வலக்கையில் கட்டு. கட்டுக்குள் மூன்று விரல்கள் இல்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போன மாதம் இஸ்திரி உருளைக்குள் ஒரு படுக்கை விரிப்போடு சேர்ந்து போனவை அவை. விரிப்பு மட்டும் ஒரு சுருக்கமில்லாமல் வெளியே வந்தது.

தம்பி கையெழுத்துப் போட்டான். தொழிலாளர் துறையில் பெரிய அதிகாரி. அவன் இருமினால்கூட நாலு குமாஸ்தாக்கள் குறிப்பெடுப்பார்கள்.

"என்னடா அது?"

"உங்க சலவைக்கூடத்துல ஸ்ட்ரைக் பண்ணக் கூடாதுன்னு உத்தரவுக்கா. அத்தியாவசியச் சேவை."

"உருளைக்குத் தடுப்பு போடுங்கன்னுதானேடா நாப்பது பேரும் கேட்டோம்? மூணு மனு குடுத்தாச்சு."

"அது பரிசீலனையில இருக்கு. வயித்தைக் கிழிச்சுப் போட்டுட்டு விரிப்பு இல்லைன்னா நோயாளிங்க என்ன பண்ணுவாங்க? எனக்கே வியாழக்கிழமை குடலிறக்க ஆபரேஷன்!"

"நோயாளிங்க பாவம்னுதான் இத்தனை நாள் பொறுத்தோம். எங்களுக்குச் சட்டம் போடு, வேண்டாங்கல. அந்த உருளைக்கும் ஒண்ணு போடேன்."

அவன் காதில் விழவில்லை. உத்தரவின் கடைசி வரியில் சொக்கிப்போய் அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தான்: 'சலவைக்கூட விதிகளில் எந்த ஒன்றை மீறினாலும் ஓராண்டுச் சிறை.' அந்த விதிகளை அவன் படித்ததில்லை. சலவைக்கூடச் சுவரில் தொங்கிய விதிப்பலகையைப் பல்லியைத் தவிர எவரும் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை.

மறுநாள் அக்கா ஸ்டூல் போட்டு ஏறித் தூசியைத் துடைத்தாள். ஏழாம் விதி: தடுப்பு இல்லாத உருளையை யாரும் இயக்கக் கூடாது.

நாற்பது பெண்களும் நேரத்துக்கு வந்தார்கள். துவைத்தார்கள், அலசினார்கள், பிழிந்தார்கள். குழந்தைகள் வார்டுக்கும் அவசரச் சிகிச்சைக்கும் கை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து அனுப்பினார்கள். பிறகு உருளை முன்னால் கைகட்டி நின்றார்கள். மிச்ச ஈரத்துணி மலையாகக் குவிந்தது. அதன் உச்சியில் மேகம் முட்டியதாகக் கேள்வி.

மேலாளர் குதித்தார். "ஸ்ட்ரைக்கா பண்றீங்க?"

"ஐயோ, அது குத்தமாச்சே சார்!" என்றாள் அக்கா. "ஏழாம் விதியை மீறலாம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. சேர்ந்தே ஜெயிலுக்குப் போவோம்."

பேனா தேடுவதுபோல் வெளியே போன மேலாளர் திரும்பி வரவேயில்லை.

வியாழக்கிழமை தம்பி வந்து படுத்தான். சொந்தத் துணி ஆபரேஷனுக்கு ஆகாதென்று நர்ஸ் உருவிக்கொண்டு போனாள். மாற்ற ஆஸ்பத்திரித் துணி இல்லை. விரிப்பும் இல்லை. அவன் போட்ட கூச்சலில் இரக்கப்பட்டு, அறிவிப்புப் பலகையிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். அவன் உத்தரவு அச்சான அரசிதழ்! மானம் மறைக்க அளவு சரியாக இருந்தது, ஒரு கையால் பிடித்துக்கொண்டால்.

மதியம் அக்கா வந்தாள். வாசலில் மற்ற முப்பத்தொன்பது பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"வேலையை விட்டுட்டா வந்தீங்க?" தம்பி சீறினான்.

"சாப்பாட்டு நேரம்டா. பன்னிரண்டாம் விதி." அவள் ஒரு தாளை அவன் வயிற்றுமேல் வைத்தாள். "தடுப்பு பொருத்தச் சொல்ற உத்தரவு. உன் குமாஸ்தாவே சிரிச்சுக்கிட்டே டைப் அடிச்சுக் குடுத்தாரு. கையெழுத்துப் போடு. தடுப்பு மாட்டினதும் முதல் விரிப்பு உனக்குத்தான்."

சொல்லிவிட்டு, வியர்க்கிறதே என்று மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தாள்.

தாள் துள்ளியது. தம்பியின் ஒரு கையில் பேனா. மறு கையில் அரசிதழ்.

"அக்கா, இதைக் கொஞ்சம் பிடி. பறக்குது."

அக்கா வலக்கையைத் தூக்கிக் காட்டினாள்.

"பிடிக்க எனக்கு விரல் ஏதுடா?"

தம்பி மின்விசிறியைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, அரசிதழிலிருந்து கையை எடுத்தான்.