வால்பக்கமாக வந்த வேதாகமம்

கிட்ட வாங்கோ பிள்ளையள், இன்னும் கிட்ட. அந்த டிவியை நிற்பாட்டிப்போட்டுக் கதிரையை இழுத்துப் போடுங்கோ. உலகம் உண்டானதிலிருந்து பெத்லகேம் வரைக்கும் போகிற பெரிய கதை ஒன்று, உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏறி, பின்னாலிருந்து முன்னுக்கு வந்து சேர்ந்த கூத்தைச் சொல்லப் போகிறேன். சிரித்துப் புரைக்கேறினால் என்னில் பிழை சொல்லக்கூடாது.

ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளுக்கு, குளத்தடியில் ஓர் ஊர். அங்கே அருந்ததி என்றொரு பெட்டை. தகப்பன் தில்லைநாதன் வாய்க்கால் கமக்காரருக்குத் தலைவர். வயலும் விபூதியும்தான் அந்த மனுசனின் உலகம். அருந்ததிக்கோ மோட்டச்சைக்கிள் திருத்துகிற ஜெயந்தன்தான் உலகம். அவன் வேதக்காரப் பெடியன், மாதாவைக் கும்பிடுகிற குடும்பம். தில்லைநாதன் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தார், மூன்றாம் நாள் பசித்தது, "பெடியன் குடிக்கிறேல்லை, அது காணும்" என்று ஓமென்றுவிட்டார். மசியாதவ ஜெயந்தனின் தாய் மரியபுஷ்பம்தான்.

"என்ர வீட்டுக்கு வாற பிள்ளைக்கு எங்கட வேதத்தின்ர தலையும் தெரியாது வாலும் தெரியாது," என்றா அவா. "நத்தாரண்டு, பாலன் பிறந்த நாள் ஊர்வலத்தில, முழுக் கதையையும் மைக்கில சொல்லட்டும். சனத்துக்கு விளங்கினால் கலியாணம். விளங்காட்டில் என்ர பெடியனை மறக்கட்டும்."

அருந்ததி வேதாகமத்தைத் தூக்கினாள். ஆதியாகமம் பள்ளத்தில் விட்ட சைக்கிள் மாதிரி ஓடியது. அங்காலே லேவியர் சட்டங்களுக்குள் போனதும் சில்லுப் புதைந்து நின்றுவிட்டது. யார் யாரைப் பெற்றார் என்ற பகுதியில் புத்தகத்தை முகத்தில் போட்டபடியே நித்திரையாகிப் போனாள். கடைசியில் மாதா கோயில் பங்குக்குப் புதிதாக வந்த இளம் பாதரிடம் ஓடினாள்.

"பாதர், இது எங்க துவங்கி எங்க முடியுது?"

"அது ஒரு புத்தகமில்லை அருந்ததி, ஒரு அலுமாரி. கனபேர், கன நூறு வருசமா எழுதிச் சேர்த்தது. முன்னுக்கு இருக்கிறதெல்லாம் முன்னுக்கு எழுதினதெண்டும் நினைக்காதையும்," என்றார் பாதர், தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு.

அது அவளுக்கு அப்போது பிடிபடவில்லை. அவள் பாட்டுக்கு, "பிறகு இது நடந்தது, பிறகு அது நடந்தது" என்று முழுவதையும் ஒரே மூச்சில் பாடமாக்கி வைத்துக்கொண்டாள்.

ஊர்வலத்துக்கு ஏழு பெட்டிகள். முதலாவதில் ஏதேன் தோட்டம், ஏழாவதில் பாலன் குடில். ஜெயந்தன் ஒவ்வொன்றுக்கும் நம்பர் பலகை எழுதிக் கட்டினான். உழவு இயந்திரங்கள் வாய்க்கால் கமக்காரருடையவை. எல்லாரும் சைவக்காரர், ஒருவருக்கும் இந்தக் கதை தெரியாது. "என்ர பிள்ளையின்ர அலுவல். வரிசையை நான் பார்க்கிறன்," என்று தில்லைநாதன் சால்வையை இறுக்கிக் கட்டினார்.

வினை அங்கேதான். அந்த ஊரில் குளம் திறந்தால் முதல் தண்ணீர் வாய்க்காலின் கடைசி நம்பர்க் காணிக்குத்தான். மேலே இருக்கிறவன் முதலில் பாய்ச்சினால் கீழே இருக்கிறவனுக்குச் சேறுதான் மிஞ்சும் என்று கண்டு, அவர்களே வைத்துக்கொண்ட ஒழுங்கு அது. நம்பரைக் கண்டால் தில்லைநாதனுக்கு வேறொன்றும் ஓடாது. "ஏழாம் நம்பர் முன்னுக்கு! ஒண்டு கடைசியா வா!" என்று கத்தி, எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் குளக்கட்டில் ஏற்றிவிட்டார். குளக்கட்டில் ஏறினால் திருப்பவும் ஏலாது, விலத்தவும் ஏலாது.

மாதா கோயில் வாசலில் சனம் கூடி நிற்கிறது. மரியபுஷ்பம் முன் கதிரையில், கையைக் கட்டிக்கொண்டு. தூறல் வேறு. அருந்ததி மைக்கைப் பிடித்து, "ஆதியிலே கடவுள் வானத்தையும் பூமியையும் படைத்தார்" என்று துவங்க, டக டக டக என்று வந்து நின்றது பாலன் குடில்.

"கெதியாப் படைச்சுப் போட்டார்! அதுக்குள்ள பாலனும் பிறந்திட்டார்!" என்று ஒருவன் கத்தினான். சனம் கொல்லென்று சிரித்தது.

அருந்ததி எட்டிப் பார்த்தாள். குளக்கட்டில் பாபிலோன் வருகிறது. அதற்குப் பின்னால் தாவீது. எல்லாருக்கும் கடைசியில், தூரத்தில், வாழையிலை கட்டிக்கொண்டு குளிரில் நடுங்குகிற ஆதாம், அது ஜெயந்தன். பக்கத்தில் ஏவாள், அவன் தங்கை தர்மிளா. பாடமாக்கின "பிறகு, பிறகு" எல்லாம் அருந்ததியின் வாயிலிருந்து ஆவியாகப் போனது. கலியாணமும் கூடவே போகப் பார்த்தது.

அந்த நேரம் வடைச் சட்டிக்குப் பக்கத்திலிருந்து கமலேஸ்வரியக்கா கேட்டா. மலையகத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறின குடும்பத்து மனுசி, வாய்க்குப் பூட்டில்லை. "ஏம்மா, இந்தப் புள்ள ஏன் மாட்டுக் கொட்டில்ல பொறந்துச்சு? அவங்களுக்கு வீடு இல்லியா?"

ஏன்! அருந்ததிக்குச் சுரீரென்றது. பின்னுக்கு வருகிற ஒவ்வொரு பெட்டியும் முன்னால் நிற்கிற பெட்டியின் "ஏன்" அல்லவா!

"வீடு இருந்ததக்கா, வேற ஊரில. ரோம ராசா சொந்த ஊருக்குப் போய்ப் பதியச் சொன்னவன்."

"பதிவா!" சனம் முழுக்கத் தலையிலடித்துக்கொண்டது. போர்க்காலத்தில் போன முகாமெல்லாம் பதிந்து திரிந்த வன்னிச் சனத்துக்குப் பதிவு என்றால் விளக்கம் வேண்டாம்.

"அப்ப அவையின்ர சொந்த ராசா எங்க?" என்று குடில் பெட்டியை இழுத்து வந்த தவராசா கேட்டார், உழவு இயந்திரத்தில் இருந்தபடியே.

"அதுக்குத்தான் அண்ணை அடுத்த பெட்டி! வாங்கோ முன்னுக்கு!"

பாபிலோன் வந்தது. சட்டி பானையோடும் உரப்பையோடும் வாய்க்கால் கரையில் குந்தியிருக்கிற சனம். அதே மாதிரி உரப்பையோடு இடம்பெயர்ந்து திரிந்த சனம்தான் பார்த்துக்கொண்டு நின்றது, யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"பாபிலோன்காரர் வந்து கோயிலை எரிச்சு, ராசாவைப் பிடிச்சு, சனத்தை இஞ்ச கொண்டந்து விட்டாங்கள். போன இடத்தில என்ன செய்யிறது? இருந்து கதைச்சிருப்பினம். ஏன் எங்களுக்கு இப்பிடி வந்தது, நாங்கள் ஆர், எங்கயிருந்து வந்தனாங்கள் எண்டு. பழைய கதையள், பாட்டுகள், சட்டங்கள், கையில கிடந்த ஓலைச் சுருள் எல்லாத்தையும் சேர்த்து ஒழுங்காக்கினது கூடுதலா அந்த அகதி நாளிலயும் அதுக்குப் பிறகும்தான் எண்டு படிச்ச ஆக்கள் சொல்லுகினம். அவையும் என்னைப்போல பின்னாலயிருந்துதான் பார்த்திருக்கினம்!"

பாதர் கோயில் படியில் துள்ளிக் குதித்துக் கை தட்டினார். அலுமாரிக் கதை இப்போதுதான் அருந்ததிக்குப் பிடிபட்டது. பிடிபட்ட சந்தோசத்தில் அவளும் மைக்கோடு துள்ளினாள்.

பிறகென்ன! ஏன் நாடு போனது? தாவீது நல்லாத் துவங்கினவர், பிறகு வந்த ராசாக்கள் கனபேர் கெட்டுப்போனார்கள். தாவீதுக்கு நாடு எப்படி வந்தது? எகிப்தில் அடிமையாகக் கிடந்த சனத்தை மோசே கூட்டி வந்தார். நீலத் தறப்பாளால் செய்த செங்கடல் இரண்டாகப் பிளக்க, பார்வோன் கால் தடக்கி விழுந்தார், சனம் விசிலடித்தது. எகிப்துக்கு ஏன் போனார்கள்? பஞ்சம் பிழைக்க. ஆபிரகாமின் பேரப்பிள்ளைகள்.

"எங்க தாத்தா மாதிரியே," என்றா கமலேஸ்வரியக்கா. "அவரும் பஞ்சத்துல இந்தியாவுலருந்து தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறினவர்தான்."

"அந்த ஆபிரகாமைக் கடவுள் ஏன் கூப்பிட்டவர்?" என்று சனத்துக்குள்ளிருந்து ஒருவர் கேட்டார்.

"ஒரு வீட்டில துவங்கி எல்லா வீட்டையும் திருத்தலாம் எண்டு. அதுக்கு முதல் வெள்ளத்தால கழுவிப் பார்த்தவர், சரிவரேல்லை."

நோவாவின் பேழை வந்தது, இரண்டு உயிருள்ள ஆடுகளும் ஒரு காகித யானையும் ஏற்றிக்கொண்டு. தவராசா இருந்த இடத்தில் எழும்பினார். "இந்த யானையை ஏன் ஐயா ஏத்தினனீர்? விட்டிட்டு வந்திருந்தால் என்ர வாழை முழுக்கத் தப்பியிருக்குமே!" சனம் விழுந்து விழுந்து சிரித்ததில் ஆடு ஒன்று வெருண்டு பாய்ந்து வடைச் சட்டிப் பக்கம் ஓடியது.

கடைசியாக ஏதேன் வந்து நின்றது. ஜெயந்தனும் தர்மிளாவும் வாழை மரத்துக்குப் பின்னால்.

"இதுதான் எல்லாத்துக்கும் அடி ஏன்," என்றாள் அருந்ததி. குரல் தானாகத் தணிந்தது. "பிழை விட்டிட்டு இரண்டு பேரும் ஒளிச்சிட்டினம். கடவுள் தோட்டத்தில நடந்து வந்து கேட்டார்: 'எங்கே இருக்கிறாய்?' அதோட தேடத் துவங்கினவர் நிப்பாட்டவேயில்லை. தேடித் தேடி, மாட்டுக் கொட்டில் வரைக்கும் வந்திட்டார். அவ்வளவுதான் கதை."

மரியபுஷ்பம் கதிரையை விட்டு எழும்பினா. நேரே வந்து மைக்கைப் பறித்தா.

"நான் சின்னனிலயிருந்து ஞாயிறுக்கு ஒரு துண்டாக் கேட்டனான்," என்றா அவா. "துண்டெல்லாம் ஒரு கயிறில கிடக்கெண்டு இண்டைக்குத்தான் கண்டனான்." பிறகு வாழை மரத்தைப் பார்த்து உரத்த குரலில், "ஜெயந்தன்! எங்கையடா இருக்கிறாய்?"

"இஞ்சதான் அம்மா," என்று இலைக்குள்ளிருந்து குரல் வந்தது. "சேட்டில்லாமல் ஒளிச்சு நிக்கிறன்."

"சேட்டைப் போட்டுக்கொண்டு இறங்கி வா. தில்லைநாதண்ணையோட கதைச்சுத் தையில ஒரு நாள் வைக்கவேணும். இந்தப் பிள்ளையை ஏன் இவ்வளவு நேரமும் மழைக்குள்ள நிற்க வைச்சிருக்கிறாய்?"

ஜெயந்தன் சேட்டும் போடவில்லை, ஏணியும் பார்க்கவில்லை. பெட்டியிலிருந்து ஒரே பாய்ச்சல். ஊர் முழுக்கக் கூ அடித்தது, உழவு இயந்திரங்கள் எல்லாம் சேர்ந்து ஹோர்ன் அடித்தன, அருந்ததி சிரித்துச் சிரித்தே அழுதாள்.

என்ர குஞ்சுகளே, உங்கட வீட்டு அடுப்பு அணையாமல் இருக்க, கிணறு வற்றாமல் இருக்க, படலையால் போன பிள்ளைகள் எல்லாம் படலையால் திரும்பி வர, உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட எந்நாளும் ஒரு குரல் உங்கட வீட்டில் இருக்க. நல்லாயிருங்கோ.